நெரிசலில் தினமும் பைக் ஓட்டுகிறவர்களுக்கு: தாம்பரம் முதல் தேனாம்பேட்டை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு வீடு தாம்பரத்தில், வேலை தேனாம்பேட்டையில். ஜிஎஸ்டி சாலை, கத்திப்பாரா, கிண்டி, சைதாப்பேட்டை என்று ஒரு வழிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 11 வருடமாக 125 சிசி வண்டியில் இதே பாதையில் போய் வருகிறேன். ஒரே ஒரு முறை விழுந்திருக்கிறேன். விழப் பார்த்துத் தப்பியது பல முறை. அந்தத் தருணங்களை யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது: என்னைச் சுற்றி இடம் இல்லாமல் போயிருக்கிறது. முன்னால் இடம் இல்லை, பக்கத்தில் இடம் இல்லை, அல்லது கையில் நேரம் இல்லை. கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்த இடத்தை எப்படி உண்டாக்கி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான். உதாரணங்கள் சென்னையுடையவை, எனக்குத் தெரிந்த ஊர் இதுதான்.

1. வாசலில் ஐந்து நிமிடம்

வாரம் ஒரு முறை டயரில் காற்று பாருங்கள். காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். பல 100, 125 சிசி வண்டிகளுக்கு முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ அளவில்தான் வரும். பங்க்கில் சொல்லாமல் நின்றால் கைக்கு வந்த அளவு அடித்துவிடுவார்கள். காற்று அதிகமானால் ஈரத்தில் வழுக்கும், குறைந்தால் வளைவில் வண்டி இழுக்கும். தினமும் இருவர் போவதாக இருந்தால் பின் டயருக்கு அதே ஸ்டிக்கரில் தனி அளவு போட்டிருக்கும்.

பிரேக் விளக்கு எரிகிறதா என்பதை இரவில் ஒரு சுவர் முன்னால் வண்டியை நிறுத்தி லீவரை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றின் சுவிட்ச் போயிருந்தாலும் மற்றொன்றில் விளக்கு எரிவதால் நமக்குத் தெரியாது. செயின் தொங்கலும் முக்கியம். பெரும்பாலான வண்டிகளுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை ஆயில் வையுங்கள்.

மிரரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அழகுக்காக மிரரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நெரிசலில் ஆபத்து பாதிக்குப் பாதி பின்னாலிருந்துதான் வருகிறது. வண்டியில் ஓட்டும் நிலையில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் தோள் மிரரின் உள் ஓரத்தில் கொஞ்சம் மட்டும் தெரியும்படி வையுங்கள். முழங்கை மிரரை நிறைத்துக்கொண்டு தெரிந்தால் அது தவறு. சரியாக வைத்த பிறகும் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி மறைந்து வரக்கூடும். ஆகவே திரும்பும் முன் ஒரு கணம் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

2. ஹெல்மெட்

இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள இருசக்கர ஹெல்மெட்டை மட்டும்தான் விற்க வேண்டும். அந்த முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண் இருக்கும். சாலையோரத்தில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் தொப்பி போலீஸ்காரருக்குக் காட்ட உதவலாம், தலைக்கு உதவாது. ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது வெளி ஓடு மட்டும் அல்ல. அடி விழும்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும் உள் தெர்மகோல்தான் முக்கியம். மலிவான ஹெல்மெட்டில் அந்த இடத்தில் வெறும் ஸ்பாஞ்ச் இருக்கும்.

அளவு: புருவத்துக்கு இரண்டு விரல் மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். போட்ட பிறகு தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. கன்னம் கொஞ்சம் அழுந்தினால் நல்லது, சில வாரங்களில் பழகிவிடும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அது உங்களுக்கான வடிவம் இல்லை. தாடையை மூடும் முழு ஹெல்மெட்டையே வாங்குங்கள், நம் ஆட்கள் விழும்போது முகம் தரையில் உரசுவது சாதாரணம். வார் மாட்டாமல் போட்ட ஹெல்மெட் நீங்கள் தரையைத் தொடுவதற்கு முன்பே பறந்துவிடும். வாருக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது போகக் கூடாது.

கறுப்பு வைசர் வேண்டாம். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் பாதி வழியில் இருட்டிவிடும்.

மற்றபடி கணுக்காலை மூடும் ஷூ, ஒரு ஜோடி கையுறை. விழும்போது எல்லோரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். மே மாத வெயிலில் ஜாக்கெட் போடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், தெரியும். காற்று போகும் வலைத்துணி ஜாக்கெட்டுகள் இப்போது கிடைக்கின்றன, முடிந்தால் வாங்குங்கள். துப்பட்டா, சேலைத் தலைப்பு, ரெயின்கோட்டின் தொங்கும் நாடா எல்லாவற்றையும் முடிந்துகொண்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

3. பத்து நிமிடம் முன்னால்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆபத்தாக இருந்த காலைகள் எல்லாம் தாமதமாகக் கிளம்பிய காலைகள். தாமதம் கையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சிக்னலில் மஞ்சள் விழுந்தால் கை தானாக முறுக்குகிறது, பஸ்ஸுக்கும் மீடியனுக்கும் நடுவே இருக்கும் சந்து போதும் என்று தோன்றுகிறது.

நகரத்துக்குள் வேகமாகப் போய்ச் சம்பாதிக்கும் நேரம் மிகக் குறைவு, ஏனென்றால் அடுத்த சிக்னலில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கப்போகிறோம். சென்னைப் போக்குவரத்து காவல்துறை 2023 நவம்பரில் இருசக்கர வண்டிகளுக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வைத்தது. பீக் நேரத்தில் 50-ஐத் தொடவே இடம் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் தொட்டும் பெரிய பயன் இல்லை.

வேகத்தின் கணக்கைப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். அது ஏறக்குறைய ஒரு மாநகரப் பேருந்தின் நீளம். பார்த்து, புரிந்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகு உலர்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 10 மீட்டர் ஆகும். 60-இல் இதே கணக்கு மொத்தம் 40 மீட்டருக்குப் போகிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆனதும் நிற்கும் தூரம் இரட்டிப்பாகிவிட்டது.

4. சாலையில் எங்கே ஓட்டுவது

இடது ஓரம் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அங்கேதான் மணல், நிறுத்திய காரின் கதவு, சந்திலிருந்து பாய்ந்து வரும் வண்டி, ராங் சைடில் எதிரே வரும் பைக் எல்லாம் இருக்கும். வலது ஓரத்தில் மீடியனை ஒட்டி மண் படிந்திருக்கும், பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் மீடியனைத் தாண்டி ஆட்கள் குதிப்பார்கள், யூடர்னுக்குக் காத்திருக்கும் காரின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, முன்னால் போகும் கார்களின் சக்கரத் தடத்தில் போங்கள். சிக்னல் கோட்டுக்கு அருகில் லேனின் நடுப்பகுதியில் ஆயில் சொட்டியிருக்கும், காலை ஊன்றும்போது கவனம்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி. அது ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள்: ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’. முடிக்கும் முன் நீங்கள் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கி இருக்கிறீர்கள். ‘இடைவெளி விட்டால் இன்னொருத்தன் வந்து நுழைந்துவிடுவான்’ என்பார்கள். நுழையட்டும். ஒருவர் நுழைந்தால் நீங்கள் இழப்பது இரண்டு நொடி. ஆபீஸ் போவதற்குள் முப்பது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் கொடுத்து 20 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு வாங்குகிறீர்கள்.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் இன்னும் தள்ளியே இருங்கள். ஓட்டுநரின் முகம் அவருடைய மிரரில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. அதோடு, பெரிய வண்டி தன் நான்கு சக்கரத்துக்கு நடுவே ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போகும், அது உங்கள் முன் சக்கரத்துக்கு நேராக வரும்.

5. மற்ற வண்டிகளைப் படிப்பது

இண்டிகேட்டரை நம்பாதீர்கள். போடாமல் திரும்புகிறவர்களும், போட்டதை அணைக்க மறந்து நேராகப் போகிறவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள், அது கொஞ்சம் திரும்பியதும் வண்டி திரும்பப்போகிறது. ஆட்டோ ஓட்டுநர் கையையோ காலையோ வெளியே நீட்டினால் அதுதான் அவருடைய இண்டிகேட்டர்.

ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தனி வித்தை. ஆட்டோவைப் பார்க்காதீர்கள், சாலையோரத்தில் நிற்கும் ஆளைப் பாருங்கள். அவர் கை மேலே போனதும் ஆட்டோ எந்த லேனில் இருந்தாலும் இடது ஓரத்துக்கு வெட்டும். அந்தக் கை உங்களுக்கும் தெரிகிறது, ஆகவே இரண்டு நொடி முன்பே தயாராகலாம். இதைக் கற்றுக்கொண்ட பிறகு ஷேர் ஆட்டோ மேல் எனக்கு இருந்த கோபமே போய்விட்டது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் இடது பக்கம் ஒருபோதும் போகக் கூடாது, ஆட்கள் இறங்குவார்கள். வலது பக்கம் தாண்டும்போது பஸ்ஸின் முன்னாலிருந்து யாராவது சாலையைக் கடப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே தாண்டுங்கள். பஸ் இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே நெருங்கி வரும். திருப்பத்தில் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கும் இடம் சில நொடிகளில் காணாமல் போகும். அங்கே மாட்டியவர்கள் பிழைப்பது அரிது. தண்ணி லாரி, கான்கிரீட் லாரிக்கும் இதேதான்.

நெரிசல் நின்றுவிட்டால் நாம் எல்லோரும் கார்களுக்கு இடையில் புகுந்து போகிறோம். போகவே கூடாது என்று சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை, ஆகவே எப்படி என்று சொல்கிறேன். நிற்கும் வண்டிகளுக்கு நடுவே மட்டும், ஓர் ஆள் ஓடும் வேகத்தில், முதல் அல்லது இரண்டாம் கியரில். வண்டிகள் நகரத் தொடங்கியதும் ஏதாவது ஒன்றின் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவிலோ, பெரிய வண்டிக்கும் மெட்ரோ பேரிகேடுக்கும் நடுவிலோ எந்த வேகத்திலும் போகாதீர்கள்.

கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பில் கூடுதல் கவனம் வேண்டும். போரூர், வடபழனிப் பக்கம் போகிறவர்கள் கடைசி நொடியில் ஞாபகம் வந்து இடப்பக்கம் வெட்டுவார்கள், பாலத்திலிருந்து இறங்குகிறவர்கள் வேகத்தோடு வந்து சேர்வார்கள். 300 மீட்டர் முன்பே உங்கள் லேனுக்குப் போய்விட்டு, அதற்குள்ளேயே இருங்கள். தவறான லேனில் மாட்டிக்கொண்டால் அப்படியே போய் அடுத்த இடத்தில் திரும்பி வாருங்கள்.

6. சிக்னல்

நிற்கும்போது முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் தெரியும்படி நில்லுங்கள். முதல் கியரில், கிளட்ச் பிடித்தபடி, கண் மிரரில் இருக்கட்டும். பின்னால் ஒரு வண்டி வந்து முழுமையாக நிற்கும் வரை இப்படி. பிரேக் பிடிக்காமல் யாராவது வந்தால் ஒதுங்க இடம் இருக்கும்.

கவுண்டரில் 3 வரும்போதே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். எதிர்த்திசையில் சிவப்பு விழுந்த பிறகும் இரண்டு வண்டி கடக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டாம். பச்சை விழுந்ததும் வலது, இடது, மறுபடி வலது பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

அப்புறம், ‘ஸ்டாண்டு! ஸ்டாண்டு!’ என்று பக்கத்தில் போகிறவர் கத்துவது நம் ஊரின் நல்ல பழக்கங்களில் ஒன்று. சைடு ஸ்டாண்டு எடுக்காமல் இடப்பக்கம் சாய்ந்தால் அது தரையில் இடித்து வண்டியைத் தூக்கிப் போட்டுவிடும். யாருடைய ஸ்டாண்டாவது கீழே இருந்தால் நீங்களும் கத்துங்கள்.

போன் பையில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுகிறவர் சாலையில் இருப்பதாகத் தோன்றினாலும் அவர் மனம் அங்கே இல்லை. ஜிபிஎஸ்ஸைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டு ஒரு காதில் மட்டும் குரலைக் கேட்பதைக்கூட நான் விட்டுவிட்டேன். தெரியாத இடமானால் நிறுத்திப் பார்க்கிறேன்.

7. பிரேக்கைப் பழகுவது

முன் பிரேக் பிடித்தால் வண்டி கவிழும் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, ஆகவே முன் டயருக்குத்தான் தரையில் அதிகப் பிடிப்பு. நிற்கும் வேலையில் பெரும்பங்கை அதுதான் செய்ய முடியும். பின்னதை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கோணலாகச் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, முன்னதை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெதுவாக ஆரம்பித்து இறுக்கிக்கொண்டே போக வேண்டும். பட்டென்று பிடிக்கக் கூடாது. ஹேண்டில் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டுத் திரும்புங்கள்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ்ஸும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), 125 சிசி வரையுள்ளவற்றில் குறைந்தபட்சம் சிபிஎஸ்ஸும் (இரண்டு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு) கட்டாயமாக்கினார்கள். ஏபிஎஸ் இருந்தால் அவசரத்தில் லீவர் துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். சிபிஎஸ்ஸில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் அது முன் லீவருக்கு மாற்று அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்தில் 30-இலிருந்து நிற்கப் பழகுங்கள், பிறகு 40-இலிருந்து. கைக்கு ஒரு முறை பழகிவிட்டால் நெரிசலில் அது யோசிக்காது. ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் முன் லீவர் மேல் இருக்கட்டும், எதிர்வினை நேரத்தில் கொஞ்சம் மிச்சமாகும்.

8. மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனிப் பாடம். நான் விழுந்தது ஒரு நவம்பர் மாலையில். தோண்டிய பள்ளத்தின் மேல் போட்டிருந்த இரும்புத் தகட்டின் மேல் திரும்பிக்கொண்டே முன் பிரேக்கைத் தொட்டேன். சக்கரம் போனதே தெரியவில்லை, தரையில் இருந்தேன். முழங்கை மூன்று வாரம் மடங்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் இடைவெளி விட்டு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நனைந்த இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு, ஜீப்ரா கிராசிங், பாலத்தின் இணைப்பு இரும்பு: இவற்றின் மேல் ஹேண்டிலைத் திருப்பவோ பிரேக்கைத் தொடவோ ஆக்சிலேட்டரை முறுக்கவோ கூடாது. நேராக, சீராகக் கடந்துவிடுங்கள். மழை ஆரம்பித்த முதல் அரை மணி நேரம் மிக மோசம், சாலையில் படிந்த ஆயிலும் தூசியும் கரைந்து வழுக்கும். முடிந்தால் அந்த நேரம் ஒதுங்குங்கள், ஆனால் பாலத்தடியில் சாலையிலேயே நிற்காமல் உள்ளே தள்ளி நில்லுங்கள்.

தேங்கிய தண்ணீரில் அடி தெரியாது. நடுவில் ஒரு மரக்கிளையோ சிவப்புத் துணியோ நட்டிருந்தால் அங்கே குழி இருக்கிறது, யாரோ நமக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓரத்தைவிடச் சாலையின் நடு மேடு ஆழம் குறைந்தது, முன்னால் போகும் காரின் தடத்தில் போங்கள். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். தண்ணீரைத் தாண்டிய பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

9. பின்னால் ஒருவர் இருந்தால்

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு (ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால்) ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவருடன் இணைக்கும் பெல்ட்டும், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் விதி. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். சாதாரண பிரேக்கிலேயே குழந்தை முன்னால் சாய்ந்து ஹேண்டிலில் மோதும்.

சேலை கட்டியவர் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை ஒரு பக்கம் இழுக்கும், திருப்பத்தில் மெதுவாக. பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சேலை கார்டைக் கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டிவிடுங்கள்.

10. விழுந்துவிட்டால்

எழ முடிந்தால் முதலில் சாலையை விட்டு ஓரத்துக்கு வாருங்கள், வண்டி அப்புறம். வேறொருவர் விழுந்து நினைவில்லாமல் கிடந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தில் அடிபட்டிருக்கலாம். வைசரைத் திறந்து மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லாவிட்டால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் மெதுவாக எடுக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். உதவியதற்காக உங்கள் மேல் வழக்கு வராது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். காசு இருக்கிறதா என்று யோசித்துத் தாமதிக்க வேண்டாம்.

போனின் பூட்டுத் திரையில் அவசரத் தொடர்பு எண்ணும் இரத்த வகையும் தெரியும்படி வையுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லேசாக விழுந்தாலும் அதே வண்டியில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் முன் ஹேண்டில் நேராக இருக்கிறதா, லீவர் வளைந்ததா, டயர் எங்காவது உரசுகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கை நடுக்கம் நிற்கும் வரை உட்காருங்கள், பத்து நிமிடமானாலும் பரவாயில்லை. தரையில் தலை பட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாமல் இருந்தாலும் உள் தெர்மகோல் நசுங்கியிருக்கும், மறுபடி நசுங்காது. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். வாரைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், எடுப்பவர் யாரும் அதைத் தலையில் மாட்டக் கூடாது.